38 வயதில் ஓடத் தொடங்கியவர்



மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோது, என் வேலை சம்பந்தமாக ஏதாவது எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். பம்ப்பும் வால்வும் பற்றி எழுதினால் என் மனைவிகூடப் படிக்க மாட்டாள் என்பதால் அதைக் கைவிட்டேன். அப்புறம் போன சந்திப்பு நினைவுக்கு வந்தது. மாலையில் பழைய மாணவர்களுக்கு ஒரு ரிலே ஓட்டம் வைத்தார்கள் அல்லவா? காலேஜ் நாட்களில் அதே மைதானத்தில் சிட்டாய்ப் பறந்தவர்கள், நூறு மீட்டர் ஓடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டோம். நானும்தான்! அப்போது நம்மில் ஒருவர் சொன்னது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. முப்பத்தைந்து தாண்டிவிட்டால் உடம்பைப் புதிதாகப் பழக்க முடியாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

அது சரிதானா என்று தேடப் போன இடத்தில் கிடைத்தவர்தான் ஆர்தர் நியூட்டன். ஆப்பிள் விழுந்த கதை நியூட்டன் இல்லீங்க, இவர் வேறு. அந்த நியூட்டன் இயக்கத்துக்கு விதி எழுதினார். இந்த நியூட்டன் 38 வயதில் இயங்க ஆரம்பித்து 51 வயது வரை நிற்கவே இல்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் நடுவே இவர் பெயர், கிரிக்கெட்காரர்கள் நடுவே பிராட்மன் பெயர் போல. வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அவர் கதையைச் சொல்கிறேன். அதில் பெருமைப்படவும் இருக்கிறது, நெளியவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆர்தர் பிரான்சிஸ் ஹாமில்டன் நியூட்டன் 1883-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி இங்கிலாந்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். இளைஞராக இருக்கும்போதே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். நேட்டால் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போன அதே நேட்டால்தான். நம்மவர்கள் போனது கூலிக்கு. நியூட்டன் போன்ற வெள்ளையர்கள் போனது நிலத்துக்கு. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹார்டிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, பருத்தியும் புகையிலையும் பயிரிட்டார். முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வேலை பார்த்தார். போர் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், பண்ணையைச் சுற்றியுள்ள பகுதியைக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு ஒதுக்க அரசாங்கம் முடிவு செய்திருந்தது. தன் பண்ணைக்கு இனி மதிப்பில்லை, வேலைக்கு ஆளும் கிடைக்காது, ஆகவே நஷ்ட ஈடு வேண்டும் என்று மனுப் போட்டார். அரசாங்கம் அசையவில்லை. மேலிடத்துக்குப் போனார். அங்கேயும் கதவு திறக்கவில்லை.

இங்கே அவர் பக்கம் மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் நியாயமாகாது. அந்த நாட்டில் 1913-இல் வந்த நிலச் சட்டம், பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது மொத்த நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம்தான். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளைக் கேட்டால், மனுப் போடுவதற்கு அவர்களிடம் நியூட்டனைவிட ஆயிரம் மடங்கு காரணம் இருந்திருக்கும். போட்டாலும் வாங்கிப் பார்க்க ஆள் கிடையாது. நியூட்டன் தன் வழக்கைத் தன் கண்ணால் மட்டுமே பார்த்தார். ஆக, அவரை ஓட வைத்த கோபம் நாம் கொண்டாடக்கூடிய கோபம் இல்லை. ஆனாலும் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் விசித்திரம்.

அவர் போட்ட கணக்கு இதுதான். ஒரு சாதாரண விவசாயி கத்தினால் யாருக்கும் கேட்காது. ஊர் அறிந்த மனிதன் சொன்னால் பத்திரிகை எழுதும், மக்கள் கேட்பார்கள், அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். சரி, எப்படிப் பிரபலம் ஆவது? தென்னாப்பிரிக்கர்களுக்கு விளையாட்டு என்றால் உயிர். கிரிக்கெட், ரக்பி எல்லாம் அந்த வயதில் நடக்காது. அந்தச் சமயத்தில்தான் நேட்டாலில் ஒரு புதுப் பந்தயம் தொடங்கியிருந்தது.

அதன் பெயர் காம்ரேட்ஸ். போரில் ஆப்பிரிக்கக் காடுகளில் மைல் கணக்கில் நடந்து வந்த விக் கிளாப்பம் என்பவர், இறந்துபோன தோழர்களுக்குக் கல்லில் நினைவுச் சின்னம் எழுப்புவதைவிட, உயிருள்ளவர்கள் கஷ்டப்பட்டு ஓடும் ஒரு ஓட்டமே சரியான நினைவு என்று நினைத்தார். சில வருடம் அனுமதி கேட்டு அலைந்து, 1921-இல்தான் அதை நடத்த முடிந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பன் துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மாரத்தான் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு வருடம் மேலிருந்து கடலை நோக்கி இறக்கம், அடுத்த வருடம் கடலிலிருந்து மேல்நோக்கி ஏற்றம். இறக்கம் என்று பெயர்தானே தவிர, வழியெல்லாம் மேடு ஏறி மேடு இறங்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சாலையில் பெரும்பகுதி தார் போடாத புழுதி ரோடு. முதல் வருடம் 34 பேர் கிளம்பி 16 பேர்தான் முடித்தார்கள். ஜெயித்த பில் ரோவன் எடுத்துக்கொண்டது 8 மணி 59 நிமிடம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற பெயரை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். 1893-இல் முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கி விட்டார்களே, அதே ஊர்தான்.

1922 ஜனவரி 1-ஆம் தேதி நியூட்டன் ஓடத் தொடங்கினார். வயது 38. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்துப் பொங்கலுக்குள் விட்டுவிடும் நம்மைப் போன்றவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு மைல்தான் ஓடினார். அதற்கே கால்கள் விறைத்து வலி தாங்கவில்லை. பயிற்சியாளர் யாரும் கிடையாது. பக்கத்தில் கிளப் கிடையாது. பண்ணையிலிருந்து புறப்படும் மண் பாதைதான் மைதானம். பந்தயத்துக்கு ஐந்து மாதம்கூட இல்லை.

அந்தக் காலத்து நடைமுறை என்னவென்றால், குறைந்த தூரத்தை வேகமாக ஓடிப் பழகுவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, சாப்பாட்டில் கெடுபிடி, பந்தயத்துக்கு முன்னால் நேரம் பார்த்து ஒரு சோதனை ஓட்டம். நியூட்டன் இதைப் படித்துப் பார்த்தார், தன் உடம்பில் போட்டும் பார்த்தார், சரிப்படவில்லை. அப்புறம் தானே யோசித்தார். ஒரு மனிதன் நாள் முழுக்க நடக்கிறான், வயலில் வேலை செய்கிறான், சாய்ந்துவிடுவதில்லை. காரணம், அந்த வேலை அவனுக்குப் பழக்கம், வேகமும் அளவானது. அப்படியானால் ஓட்டத்தையும் அதே மாதிரி அன்றாட வேலையாக ஆக்கிவிட்டால் என்ன? மூச்சு வாங்காத வேகத்தில், தினமும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது. அவ்வளவுதான் அவருடைய முறை.

நம் பாஷையில் சொன்னால் இது எஞ்சினை ரன்னிங்-இன் செய்கிற வேலை. புது வண்டி வாங்கினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காதே என்று மெக்கானிக் சொல்வார் இல்லையா? கான்கிரீட் போட்டுவிட்டு 28 நாள் தண்ணீர் விட்டுக் காத்திருக்கிறோம் இல்லையா? இரும்புக்கும் சிமெண்டுக்கும் காட்டுகிற பொறுமையை நம் முழங்காலுக்குக் காட்டுவதில்லை. ரிலே ஓட்டத்தில் நாங்கள் புல்லில் விழுந்ததற்கு வயது காரணமில்லை. பதினைந்து வருடம் நிறுத்தி வைத்திருந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடனே டாப் கியரில் போட்டதுதான் காரணம்!

1922 மே 24, காம்ரேட்ஸ் இரண்டாவது ஆண்டு. டர்பனிலிருந்து மேல்நோக்கி. நான்கு நாள் முன்புதான் நியூட்டனுக்கு 39 முடிந்திருந்தது. கிளம்பும்போது அவர் முன்னணியில் இல்லை. இளைஞர்கள் வேகமாகப் போனார்கள், போக விட்டார். தன் வேகத்தை மாற்றவே இல்லை. மேடு வர வர முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். 8 மணி 40 நிமிடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முன்னால் யாரும் இல்லை. ஓடத் தொடங்கி ஐந்தாவது மாதம்!

ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த வருடம் வாயடைத்துப் போனார்கள். 1923-இல் டர்பனை நோக்கிய ஓட்டத்தில் அவர் எடுத்துக்கொண்டது 6 மணி 56 நிமிடம். அதே திசையில் இரண்டு வருடம் முன்பு ஜெயித்தவரைவிட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குறைவு. 1924-இல் ஏற்றத்தில் 6 மணி 58 நிமிடம். 1925-இல் இறக்கத்தில் 6 மணி 24 நிமிடம். அந்தக் கடைசி ஓட்டத்தின் போது அவருக்கு வயது 42. மணிக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் வேகத்தை ஆறரை மணி நேரம் அப்படியே பிடித்திருக்கிறார். நம்மில் பலருக்கு அந்த வேகத்தில் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாலே போதும் போதும் என்றாகிவிடும்.

நடுவில் 1924-இல் இங்கிலாந்துக்குப் போய், லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஐம்பது மைலுக்கும் மேற்பட்ட சாலையை 5 மணி 53 நிமிடம் 43 விநாடியில் ஓடிக் காட்டினார்.

அவர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குப் பெரிய அழகாகத் தெரியாதாம். காலைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல், சின்னச் சின்ன எட்டாக வைத்துத் தேய்த்தாற்போல் போவார். ஆனால் கவனித்தால் ஒரு துளி சக்திகூட வீணாகாத நடை அது. உடம்பை ஒவ்வொரு அடியிலும் மேலே தூக்கி இறக்குவது வெட்டி வேலை என்பது எஞ்சினியருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிப்பதற்கு எலுமிச்சை பானத்தில் சர்க்கரையும் உப்பும் கலந்து வைத்துக்கொள்வார். இதற்குப் பிற்காலத்தில் மந்திர பானம் என்று பெயரே வந்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் வெயிலில் அலைந்து வந்தவர்களுக்குக் கொடுப்பது அதுதானே என்று நீங்கள் சிரிக்கலாம். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தன் உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

இப்போது அவர் நாடெங்கும் பிரபலம். போட்ட கணக்கில் முதல் பாதி பலித்துவிட்டது. இரண்டாவது பாதி? நஷ்ட ஈடு வந்ததா?

வரவில்லை. மக்கள் கைதட்டினார்கள், பத்திரிகைகள் எழுதின, அரசாங்கம் மட்டும் அசையவில்லை. எந்தக் காரியத்துக்காக ஓடினாரோ அந்தக் காரியம் தோற்றுப்போனது. 1925-இல் பண்ணையை விட்டுவிட்டு, அன்றைய ரொடீஷியாவுக்கு, அதாவது இன்றைய ஜிம்பாப்வேக்குப் புறப்பட்டார். எப்படித் தெரியுமா? முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கால்நடையாக. புலவாயோ நகரம் வரை ஏறத்தாழ 770 மைல்.

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்த இடம் இதுதான் நண்பர்களே. 42 வயது. நிலம் போயிற்று. பல வருட உழைப்பு போயிற்று. மனைவி மக்கள் இல்லை. ஓடுவதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று. நாமாக இருந்தால் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்திருப்போம். மனுவுக்காகத் தொடங்கியவர், மனு கிழிந்த பிறகும் ஓடினார். முதல் மூன்றரை வருடம் பிறருக்குக் காட்டுவதற்காக ஓடியவர், அதன் பிறகு ஓட்டத்துக்காகவே ஓடினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1926-இல் ரொடீஷியாவிலிருந்து வந்து காம்ரேட்ஸ் ஓடினார். இந்த முறை ஹாரி பிலிப்ஸ் ஜெயித்தார், நியூட்டன் இரண்டாவது. அந்தப் பந்தயத்தில் அவர் கண்ட ஒரே தோல்வி அதுதான். மறு வருடமே 44 வயதில் திரும்பி வந்து 6 மணி 40 நிமிடத்தில் ஐந்தாவது முறையாக ஜெயித்துவிட்டுப் போனார். அதே 1927-இல் குவேலோவிலிருந்து புலவாயோ வரை 100 மைல் தூரத்தை 14 மணி 43 நிமிடத்தில் ஓடினார். 1928 ஜனவரியில், இங்கிலாந்தின் குளிரில், பாத் ரோடு வழியாக லண்டன் வரை 100 மைலை 14 மணி 22 நிமிடமாகக் குறைத்தார்.

அப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. சி. சி. பைல் என்ற வியாபாரி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை ஒரு நாட்டையே குறுக்காகக் கடக்கும் ஓட்டம் வைத்தார். தூரம் 3,400 மைலுக்கு மேல். முதல் பரிசு 25,000 டாலர். பணத்துக்கு ஓடினால் அமெச்சூர் தகுதி போய்விடும், பிறகு காம்ரேட்ஸ் பக்கமே வர முடியாது. நியூட்டன் துணிந்து போனார். 1928 மார்ச் 4-ஆம் தேதி 199 பேர் கிளம்பினார்கள். பாலைவனம், மலை, தினமும் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர். நியூட்டன் வழக்கம்போல அடக்கமாக ஓடியே சில நாட்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அரிசோனாவில் காலில் அடிபட்டு விலக வேண்டியதாயிற்று. ஊருக்குக் கிளம்பிப் போய்விடவில்லை. ஓட்டக்காரர்களுக்கு ஆலோசகராகக் கூடவே பயணம் செய்தார். தன்னைத் தோற்கடிக்கப் போகிறவர்களுக்கே, எப்படி ஓட வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். 55 பேர் முடித்தார்கள். ஆண்டி பெய்ன் என்ற ஓக்லஹோமா கிராமத்து இளைஞர், 20 வயது செரோக்கி பூர்வகுடி, பரிசை வென்றார்.

மறு வருடம் எதிர்த் திசையில் நடந்த ஓட்டத்தில் நியூட்டன் மேல் மோட்டார் வண்டி மோதிவிட்டது. மறுபடியும் விலகல். அந்த வருடம் அவருடைய இளம் நண்பர் பீட்டர் கவூட்சி, 3,500 மைலுக்கு மேல் ஓடிவிட்டு மூன்று நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். பைலிடம் பணம் இல்லை, பரிசும் வரவில்லை. பிறகு இந்த இருவரும் ஜோடி சேர்ந்து கனடாவில் பல பந்தயங்கள் ஓடினார்கள். ஒருவருக்கு இருபத்துச் சொச்சம் வயது, இன்னொருவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. நம் காலேஜில் முதலாண்டு மாணவனும் ஹெச்.ஓ.டி.யும் ஒரே டீமில் ஆடுகிற மாதிரி!

1931-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஓர் உள்ளரங்கத்தில் 24 மணி நேர ஓட்டம். 47 வயது நியூட்டன் ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றிச் சுற்றி வந்து 152 மைல் 540 கஜம் ஓடினார். நம் கணக்கில் ஏறத்தாழ 245 கிலோமீட்டர். இந்தச் சாதனை இருபது வருடத்துக்கும் மேல் நின்றது. 1953-இல் அதை முறியடித்தவர் வாலி ஹேவர்ட், அவரும் காம்ரேட்ஸ் வீரர்தான்.

கடைசியாக 1934. அதே பாத் ரோடு, அதே 100 மைல். நேரம் 14 மணி 6 நிமிடம். வயது 51. பன்னிரண்டு வருடம் முன்பு இரண்டு மைலுக்கே கால் பிடித்துக்கொண்டவர், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த 100 மைலை ஓடிவிட்டுப் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 1922-இலிருந்து அதுவரை அவர் ஓடிய தூரம் ஒரு லட்சம் மைலுக்கு மேல். சராசரி பார்த்தால் நாளுக்கு இருபது மைல் வருகிறது.

பிறகு லண்டனுக்குப் பக்கத்தில் ரைஸ்லிப்பில் எளிமையாகக் குடியிருந்தார். எழுதினார். 1935-இல் ஒரு புத்தகம், 1940-இல், 1947-இல், 1949-இல் என்று மொத்தம் நான்கு. அவர் வீட்டுக் கதவு ஓட்டக்காரர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். யார் வந்தாலும் டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார். காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கவில்லை. 1959 செப்டம்பரில், 76-ஆவது வயதில் காலமானார்.

அவர் எழுதி வைத்தது அன்றைக்குப் பலருக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. அதிக தூரம், மெதுவாக, தினமும் என்பதுதான் அடிப்படை என்று பிற்காலப் பயிற்சியாளர்கள் பலரும் ஒத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவப் பேராசிரியர் டிம் நோக்ஸ் 1985-இல் எழுதிய ஓட்டக் கலை பற்றிய பெரிய புத்தகத்தில் நியூட்டனின் விதிகளுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்.

காம்ரேட்ஸ் சாலையில் பாதி தூரத்தில் டிரமண்ட் என்ற இடம். அங்கே சாலையோரச் சரிவில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு குழிவு இருக்கிறது. நியூட்டன் இளைப்பாறிய இடம் என்று சொல்கிறார்கள். அதற்கு ஆர்தரின் இருக்கை என்று பெயர். இன்றைக்கும் ஓடுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு பூவை வைத்து, அவருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் செய்தால் மீதிப் பாதி நல்லபடியாக முடியும் என்று நம்பிக்கை. நம் ஊர் எல்லைச் சாமிக்குக் கும்பிடு போடுவது மாதிரிதான்!

அப்படிப் பூ வைக்கிறவர்களில் இன்று கறுப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர், பெண்கள் எல்லோரும் உண்டு. நியூட்டன் ஓடிய காலத்தில் இவர்கள் யாரும் முறைப்படி பெயர் கொடுக்க முடியாது. 1923-இல் அவர் ஜெயித்த அதே பந்தயத்தில் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி பதிவு இல்லாமலே ஓடி முடித்தார். 1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பின வீரரும் அப்படியே ஓடி முடித்தார். 1975-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. இப்போது பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கான பதக்கத்துக்கு ம்ட்ஷாலியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் யார் குடியிருக்க வேண்டும் என்று கோபப்பட்டு ஓடத் தொடங்கியவரின் இருக்கைக்கு, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பூ வைக்கிறார்கள். அவருடைய மனுவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மனு மண்ணோடு போயிற்று, ஓட்டம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

நண்பர்களே, நாமும் ஏதோ ஒன்றுக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். புரமோஷனுக்காக, வீட்டுக் கடனுக்காக, யாரோ நம்மை மதிக்கவில்லை என்ற கோபத்துக்காக. அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காமல் போனால், வழியில் நாம் பழகிக்கொண்ட நல்ல பழக்கம் நம்மிடம் மிஞ்சுமா? நியூட்டனுக்கு மிஞ்சியது. அதைத்தான் அவர் மற்றவர்களுக்கும் கொடுத்தார்.

என் கதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் என்பீர்கள். அந்த ரிலே முடிந்த மறு மாதம் டாக்டரிடம் போய் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு (இதை யாரும் தவிர்க்காதீர்கள்) விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வாரத்தில் நடுநடுவே நூறு நூறு அடி ஓட்டம். பக்கத்தில் நடந்துபோன ஒரு பாட்டியம்மா என்னை முந்திப் போனார்கள், போக விட்டேன்! பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான் நான் வைத்துக்கொண்ட சட்டம். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மண் பாதையில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரமா என்று கேட்டாள். ஆமாம், இவ்வளவு நேரம்தான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. இப்போது உங்களால் வேகமாக ஓட முடியும், ஓடுங்கள். முடியாதவர்கள், பள்ளியில் பி.டி. பீரியடில் கடைசியாக வந்தவர்கள், மனம் தளர வேண்டாம். நியூட்டன் 38 வயதில்தான் இரண்டு மைல் ஓடிப் பார்த்தார். சீனியர் அண்ணன்மார்களுக்கு ஒன்று. ஐம்பதைத் தாண்டிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். அவருடைய சிறந்த 100 மைல் வந்தது 51-இல்.

இந்தச் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு ஹாஸ்டல் வாசலில் நிற்பேன். காலேஜ் பின் கேட் வழியாகக் குளத்தைச் சுற்றி ஒரு சுற்று, மூன்று கிலோமீட்டர்தான் வரும். நேரம் பார்க்கப் போவதில்லை, பரிசும் கிடையாது. கேண்டீன்காரரிடம் உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சை ஜூஸ் சொல்லி வைத்திருக்கிறேன். புல்லில் விழுந்தவர்கள் அவசியம் வரவும்.



– ஒரு பழைய மாணவன், இயந்திரவியல் துறை, 2009 பேட்ச்